பாதையில் திரும்பிப் போன பிள்ளை

ஏழாவது வயதில் என் மகள் ஒரு தீர்மானம் எடுத்தாள். இனி அப்பாவின் ஊருக்கு வருவதில்லை. போன தடவை அங்கே ஆடு அவளுடைய சித்திரக் கொப்பியைத் தின்றுவிட்டது. வாய்க்காலில் கால் நனைத்தபோது அட்டை கடித்தது. போதாக்குறைக்குப் பெரியப்பா வீட்டு டிவியில் கார்ட்டூனும் வருவதில்லை. இவ்வளவையும் விரல் மடக்கிச் சொல்லிவிட்டு, "உங்கட ஊருக்கு நீங்க போங்கப்பா. நான் எங்கட ஊர்ல நிக்கிறன்" என்றாள்.

எங்கட ஊர் என்று அவள் சொன்னது என் மனைவியின் ஊரை. மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடிந்ததும் ஆண்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போகவேண்டும். நானும் அப்படித்தான் ஒரு சூட்கேசோடும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளோடும் வாவியின் கிழக்குக் கரைக்கு வந்து சேர்ந்தேன். வளவில் நாலு வீடு. நாலும் அக்கா தங்கச்சிமாருடையவை. ஒரு வீட்டில் சோறு பிடிக்காவிட்டால் அடுத்த வீட்டில் புட்டு. இந்த ராச்சியத்தில் பிறந்த பிள்ளை அதை எங்கட ஊர் என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்?

என் ஊர் பழுகாமம், வாவியின் மேற்குக் கரையில். அண்ணன் அங்கே வயல் செய்கிறார். இதெல்லாம் ஒரு விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு விஷயம்தான். அவள் வாயால் ஒரு தடவையாவது பழுகாமத்து ஆட்களைத் தன் ஆட்கள் என்று கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை. மனைவியிடம் இதைச் சொன்னபோது, "நாற்பது வயசுல உங்களுக்கு ஏன் இந்தக் குழந்தைப் பிள்ளைக் குணம்?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

மகனைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவனுக்கு நாலு வயது. எருமைக் கன்று எங்கே நிற்கிறதோ அது அவனுடைய ஊர்.

மாசி மாதம் அண்ணன் போன் எடுத்தார். வெள்ளாமை வெட்டி முடிந்தது, ஞாயிற்றுக்கிழமை புது அரிசிச் சோறு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்றார். நான் மகளோடு பேச்சுவார்த்தை தொடங்கினேன். ஆட்டைக் கட்டி வைப்பார்கள், வாய்க்கால் பக்கமே போகமாட்டோம், போனில் கார்ட்டூன் இறக்கித் தருகிறேன் என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தேன். கடைசியில் ஒரு புதுச் சித்திரக் கொப்பிக்கு உடன்பட்டாள். நாட்டில் எத்தனையோ ஒப்பந்தங்கள் இதைவிடச் சுலபமாகக் கையெழுத்தாகியிருக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் அவளையும் ஏற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். அண்ணன் வீட்டுக்கு மஸ்கட் இனிப்பு வாங்க வேண்டும். கடைக்காரர் நெய் மினுங்கும் மஸ்கட்டைத் துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் அடுக்கும்போது இவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"இது எங்களுக்கில்லையா?"

"இல்ல மகள். பெரியம்மாக்கு. எங்கட ஆக்கள்ட வீட்ட வெறுங்கையோட போகக் கூடாது. போனா வெக்கம்."

"உங்கட ஆக்கள்" என்று திருத்தினாள், கண்ணாடியிலிருந்து மூக்கை எடுக்காமலே.

வெறுங்கை விஷயம் நான் சும்மா சொன்னதில்லை. பெண் வீட்டில் குடியிருப்பவன் பிறந்த ஊருக்குக் கையை வீசிக்கொண்டு வந்தால், பெண்டாட்டி வீட்டில் இவனுக்கு மதிப்பில்லை போலிருக்கு என்று ஊர் கதைக்கும். அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார். அவருடைய மனைவி, பிள்ளைகளின் பெரியம்மா, அவரும் வாயால் சொல்லமாட்டார். பையில்லாத என் கையை ஒரு தரம் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு நான் இன்றைக்கும் பயம்.

ஞாயிறு காலை நாலு பேரும் ஒரே மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். சட்டம் இதற்கு என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பஸ் என்ன செய்யும் என்றும் தெரியும். வாவியைக் கடக்க எங்கள் துறையில் பாலம் கிடையாது, பாதைதான். பாதை என்று நாங்கள் சொல்வது, எஞ்சின் பூட்டிய தட்டையான இரும்புத் தெப்பத்தை. மோட்டார் சைக்கிள், ஆடு, அரிசி மூட்டை, கல்யாண வீட்டுக்காரர் எல்லாரும் அதில் ஒன்றாக ஏறிக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். அது வரும்வரை கரையிலுள்ள தேத்தண்ணிக் கடையில் நின்றோம். மகனின் ஹெல்மெட்டைக் கட்ட இரண்டு கையும் தேவைப்பட்டதால் மஸ்கட் பையைக் கடை வாசல் கப்புத் தூணில் அடித்திருந்த ஆணியில் கொழுவினேன்.

பாதையில் என்னோடு படித்த ஒருவன் அகப்பட்டான். மழை, வெட்டு மெசின், பன்றி வயலுக்குள் இறங்கியது என்று கதை வாவியை விட நீளமாகப் போனது. மனைவி மறுபக்கத்தில் மகனின் சட்டைக் கொலரைப் பிடித்தபடி நின்றாள். கம்பிக்கு மேலால் எட்டி மீன் பார்ப்பது அவனுடைய தொழில். நடுவில் மகள் என்னிடம் வந்து கையைப் பிடித்து இழுத்து ஏதோ சொன்னாள். நான் "ம்" என்றேன். திரும்பவும் ஏதோ கேட்டாள். அதற்கும் "ம்" என்றேன். பிள்ளை வளர்க்கிற ஆண்களுக்கு இந்த "ம்" ஒரு குடை. எந்த மழைக்கும் விரிக்கலாம்.

இறங்குவதில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. மோட்டார் சைக்கிள்கள் முதலில் இறங்கும். மகள் என் பின்னால் இருப்பாள். மனைவி மகனோடு நடந்து வந்து மேற்குக் கரை மேட்டிலுள்ள கடையடியில் ஏறிக்கொள்வாள். அன்றைக்கு மகன் தான்தான் முன்னால் பெற்றோல் டாங்கியில் இருப்பேன் என்று கத்தி ஏறிவிட்டான். மகள் தாயோடு வருகிறாள் என்று நான் நினைத்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் என்னோடு போகிறார்கள் என்று மனைவி நினைத்தாள்.

கடையடிக்கு மனைவி தனியாக நடந்து வந்தாள்.

"மூத்தவ எங்க?"

"உன்னோடதானே வந்த?"

"என்னோடயா?"

மகன் டாங்கியில் இருந்தபடி வாவிப் பக்கம் கையைக் காட்டினான். "அக்கா அந்தா போறா."

பாதை கரையை விட்டு ஒரு கூப்பிடு தூரம் போயிருந்தது. எஞ்சின்காரருக்குப் பக்கத்தில் மகளின் சிவப்புச் சட்டை. மனைவி துறைக்கு ஓடினாள். நான் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். கத்தினோம். எஞ்சின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மகளுக்கு நீந்தத் தெரியாது. தண்ணீர் நடுவில் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும், சின்ன வயதில் அளந்து பார்த்தவன் நான்.

"அக்கா போறா எண்டு ஏன் முதல்ல சொல்லல்ல?" என்று மகனைக் கேட்டேன்.

"நீங்க கேக்கல்ல."

எங்கள் பின்னாலேயே இறங்கி வந்த அந்தக் கடைக்காரர் நிதானமான மனிதர். எஞ்சின்காரருக்குப் போன் எடுத்து, "ஓம்… ஓம்…" என்று கேட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "பயப்படாதீங்க தம்பி. பிள்ளையக் கதிரையில இருத்தி வச்சிருக்காராம். தான் அந்தக் கரைக்குப் போக வேணும், அப்பாட்டக் கேட்டுட்டன் எண்டு சொல்லித்தான் நிண்டவவாம்."

பயம் கொஞ்சம் இறங்கியது. அது எழும்பிய இடத்தில் கோபம் வந்து குந்தியது. என்னிடம் கேட்டாளாம். பொய்யும் சொல்லப் பழகிவிட்டாள். என் ஊர் மண்ணில் கால் வைக்கவும் மனமில்லாமல் திரும்பிப் போகிறாள். ஒரு வாரம் கெஞ்சியது, சித்திரக் கொப்பி, எல்லாம் வாவியில் கரைத்த புளி.

"போகட்டும்" என்றேன். "உன்ட வளவுல வளர்ந்த பிள்ள. வேறென்ன செய்யும்?"

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் குறையும். "ஏழு வயசுப் பிள்ளையோட கோவிச்சுக்கொண்டு நிக்கிறீங்க. அவ அங்க இறங்கி வீட்ட நடக்கத் தொடங்கினா? மெயின் ரோட்டக் கடக்க வேணும். அத யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை. கடைக்காரர் திரும்பவும் போன் எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. கரை சேர்க்கிற நேரம் என்றார். பாதை அந்தப் பக்கம் ஒரு தீப்பெட்டியளவில் ஒட்டி நின்றது. ஆட்கள் இறங்குவது தெரிந்தது, ஆர் என்று தெரியவில்லை. மனைவி என் கையைப் பிடித்தாள். கோபத்தோடுதான் பிடித்தாள், ஆனால் விடவில்லை. நான் பழுகாமத்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தேன். நூற்றியொன்று என்று தொடங்கி, பாதை புறப்படுவதைக் கண்டதும் பதினொன்றுக்கு இறங்கினேன்.

அரை மணித்தியாலம் போயிருக்கும். மகன்தான் முதலில் கண்டான். "அக்காட சட்ட."

எஞ்சினடியில், கதிரையில், ராணி மாதிரி இருந்தாள். மடியில் ஒரு பை. இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்திருந்தாள். பாதை முட்டியதும் எஞ்சின்காரர் அவளை இறக்கிவிட்டு, "தகப்பன் கடை ஆணியில மறந்தத மகள் எடுத்து வாறா. நல்ல பிள்ள" என்றார்.

காத்தான்குடிப் பை. அதைக் காணும்வரைக்கும் அப்படி ஒரு பை உலகத்தில் இருந்தது என்பதே என் நினைவில் இல்லை.

மனைவி அவளை அள்ளிக்கொண்டு ஒரு அடியும் போட்டாள், உடனே கொஞ்சினாள். "ஆரக் கேட்டுப் போன நீ?"

"அப்பாட்டக் கேட்டன். பைய விட்டுட்டு வந்துட்டீங்க எண்டு சொன்னன். 'ம்' எண்ட. நான் போய் எடுத்து வரட்டா எண்டு கேட்டன். அதுக்கும் 'ம்' எண்ட."

மனைவி மகளின் கலைந்த தலைமயிரைக் கோதிவிடத் தொடங்கினாள். என்னைத் திட்டியிருக்கலாம், தாங்கியிருப்பேன்.

"அம்மாட்டச் சொல்லியிருக்கலாமே மகள்" என்று நான்தான் வழவழத்தேன். "மஸ்கட் போனாப் போகட்டும். அதுக்காகத் தனியப் போறதா?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெரியம்மாவின் பார்வை, அப்படியே. எங்கள் ஊர்ப் பெண்களின் பார்வை இவளுக்கு எப்போது வந்தது? "எங்கட ஆக்கள்ட வீட்ட வெறுங்கையோட போனா வெக்கம்தானே? நீங்கதானே சொன்ன."

எங்கட ஆக்கள் என்றாள். ஒரு வாரமாக நான் கொப்பியும் கார்ட்டூனும் கொடுத்து விலை பேசிய சொல். நான் குனிந்து மோட்டார் சைக்கிளின் செயினைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தேன். செயினில் பிழை ஒன்றும் இல்லை.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரப் பதினொரு மணி தாண்டிவிட்டது. ஆட்டைக் கட்டியிருந்தார்கள். புதுச் சோற்றின் வாசம் வாசல் படலையடிக்கே வந்தது. பெரியம்மா வெளியில் வந்து பிள்ளைகளைக் கொஞ்சினார். பிறகு வழமைபோல் என் கையைப் பார்த்தார். என் கையில் ஹெல்மெட் மட்டும் இருந்தது. மகள் முன்னால் போய்ப் பையை நீட்டினாள்.

"இதென்ன மகள், ஆர் வாங்கின?"

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். பாதை, ஆணி, என் இரண்டு "ம்", எல்லாம் அவள் வாய்க்குள் இருந்தது. ஒரு சொல் விட்டாலும் அடுத்த வெள்ளாமை வரைக்கும் அண்ணன் வீட்டில் அதுதான் சிரிப்பு.

"அப்பா வாங்கின" என்றாள். "உங்களுக்கெண்டு நேற்றே வாங்கிப் பத்திரமாக் கொண்டு வந்த."

"அப்படியா தம்பி?" என்றார் பெரியம்மா.

நான் "ம்" என்றேன்.