காயாத காளான்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள்: காளான் வளர்க்க எங்களுக்குப் பயிற்சி கொடுத்த மேடம். கீழத்தெரு பெரியம்மாவின் மகன். என் ஓரகத்தி. நான். நடுவில் ஒரு பாட்டில் காளான் டீத்தூள். மேடம் அதைத் தாளில் கவிழ்த்துத் தட்டினார். தூளாய்க் கொட்டவில்லை. கட்டியாய் விழுந்தது.

நானும் ஓரகத்தியும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அவள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் ஊர் செலியமேட்டில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அதில் சிப்பிக் காளான் வளர்த்தோம். மிஞ்சியதைக் காயவைத்து அரைத்து, சுக்கும் ஏலக்காயும் சேர்த்து டீத்தூளாக்குவது அவள் யோசனை. காயவைப்பது என் வேலை, பாட்டிலில் அடைப்பது அவள் வேலை. ஒரு துண்டைக் காதருகே வைத்து ஒடிப்பேன். டக்கென்று சத்தம் வந்தால்தான் அரைக்கப் போகும். வளைந்தால் மறுபடி வெயிலுக்கு. தூள் சூடு ஆறாமல் மூடினால் பாட்டிலுக்குள் வேர்த்துவிடும். வாங்குகிறவர்களிடமும் சொல்வேன்: ஈரக் கரண்டி போடாதீங்க, அடுப்புப் பக்கம் வெக்காதீங்க, அஞ்சு நிமிஷம் நல்லாக் கொதிக்கட்டும், வாசனை மாறினா யோசிக்காம கொட்டிடுங்க. பெரியம்மா சிரிப்பாள். "டீ விக்கிறியா, மருந்து விக்கிறியாடி?"

அந்த ஐப்பசியில் ஆறு நாள் வெயிலே இல்லை. ஒரு பக்கெட் காளான் காயாமல் பூஞ்சை வாடை அடித்தது. "இது ஆவாதுக்கா, புதைச்சிடலாம்" என்றேன். "நான் பாத்துக்கறேன். நீ வூட்டுக்குப் போய் சோறு ஆக்கு" என்றாள். போனேன். மறுநாள் பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். புதைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த வாரத் தூளில் சுக்கு தூக்கலாக இருந்தது. மழைக்கு நல்லதுதானே என்று அதையும் விட்டுவிட்டேன்.

"எங்கம்மா ரெண்டு நாளா வாந்தி எடுத்து ஆஸ்பத்திரில கெடக்குது. இன்னா எழவைக் கலந்தீங்க?" என்றான் கொட்டகையில் பெரியம்மாவின் மகன்.

மேடம் அந்தக் கட்டியை முகர்ந்தார். "இதை யாரு காயவெச்சது?"

ஓரகத்தி என் பக்கம் திரும்பவே இல்லை. "காயவெக்கிறது அவதான் மேடம். குடுத்ததை அடைக்கிறதுதான் என் வேலை."

"அந்த பக்கெட்டு இன்னா ஆச்சுக்கா?" என்றேன்.

"எந்த பக்கெட்டு?" என்றாள்.

இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஒருத்தி இல்லை என்று சொல்லிவிட்டால் மற்றவள் பொய்க்காரி. காளானை வீணாக்க மனசு வராமல் கலந்திருப்பாள், அது எனக்குப் புரிகிறது. ஆனால் எந்த பக்கெட் என்று கேட்ட அந்த முகம் இன்றுவரை புரியவில்லை. என் முதல் பிரசவத்தில் விடிய விடியப் பக்கத்தில் இருந்த முகம் அது.

அன்றே கோணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "குடிக்காதீங்க, திருப்பிக் குடுத்திடுங்க" என்று மட்டும் சொன்னேன். சிலர் கையில் கொடுத்தார்கள். சிலர் காலடியில் போட்டார்கள். பக்கெட் கதையை யாரிடமும் சொல்லவில்லை. பெரியம்மா பிழைத்து வந்தாள். பார்க்கப் போனேன். "நீ காயவெச்சதுன்னுதான்டி நம்பிக் குடிச்சேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

வருஷம் இரண்டு ஓடிவிட்டது. ஓரகத்தியும் நானும் இன்னும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்தான் இருக்கிறோம். குழம்பு கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். அவள் கையால் டீ மட்டும் குடிப்பதில்லை.

அந்த ஐப்பசி வாரத் தூளை பாகூர் பஸ் ஸ்டாண்டிலும் கொஞ்சம் விற்றோம். வாங்கியவர்கள் வெளியூர்க்காரர்கள், பேர் தெரியாது. இப்போதும் அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது முகம் முகமாகப் பார்க்கிறேன். அடைத்தது நாற்பத்திரண்டு பாட்டில். வாங்கி வந்து புதைத்தது முப்பத்தொன்பது.