சந்திரமதி அக்கா கூட்டிய குசினிச் சபை

சந்திரமதி அக்காவிடம் ஒரு ரகசியம் சொன்னால், அடுத்த ட்ராம் வருவதற்குள் ஜெனீவா முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்த இடத்தைப் பாருங்கள்: குவேக்கர்கள் கூடும் வீடு! அவர்கள் ஒருவகைக் கிறிஸ்தவர்கள். பூசகரும் இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிறு காலையில் வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். யாருக்காவது உள்ளுக்குள் உந்தினால் மட்டும் எழுந்து இரண்டு வார்த்தை சொல்வார்கள். அக்கா அங்கே துப்புரவும் சமையலும். வெள்ளிக்கிழமை முருகன் கோயில், ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மரக்கறி சூப்.

ஒருநாள் அவர்கள் தங்கள் பழைய வரலாற்றைப் பேசிக்கொண்டிருக்க, பரிமாறப் போன அக்கா அகப்பையோடு அங்கேயே நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் எனக்குத்தான் போன்.

“எடி நிரஞ்சினி, முந்நூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இங்கிலாந்திலை இவையளுக்குள்ளை பெரிய சண்டையாம். கலியாணம் கட்டப்போற பெடியனும் பெட்டையும் பொம்பிளையளின்ரை கூட்டத்துக்கு முன்னாலை வந்து நிண்டு சொல்லவேணும் எண்டு ஒரு ஒழுங்கு வந்ததாம். கொஞ்ச ஆம்பிளையளுக்குக் கோவம் பொத்துக்கொண்டு வந்திட்டுது. பொம்பிளையளிட்டை நாங்கள் உத்தரவு கேக்கிறதோ எண்டு! உள்ளுக்கை இருக்கிற வெளிச்சம் வழிகாட்டேக்கை சட்டம் என்னத்துக்கு எண்டு ஒரு சாட்டு வேறை. கடைசியிலை பிரிஞ்சே போட்டாங்களாம், அறுவாங்கள்!”

நேற்று பக்கத்து வீட்டில் நடந்ததுபோல அவளுக்குக் கோபம். எனக்கோ சிரிப்பு.

பிறகு அவள் மகள் லக்சாயினியின் கலியாணப் பேச்சு வந்தது. சுவிஸின் மறுகோடியில் பாடன் நகரில் இருக்கும் அபிசனும் அவளும் மூன்று வருடமாக விரும்புகிறவர்கள். சாதகம்கூடப் பொருந்திவிட்டது. ஆனால் அக்காவின் கணவர் தியாகலிங்கம் இங்கே ஒரு கோயிலுக்குத் தலைவர். அபிசனின் தகப்பன் நித்தியானந்தன் அங்கே இன்னொரு கோயிலுக்குத் தலைவர். கேட்கவா வேண்டும்? அபிசன் தாய் தகப்பனோடு அக்கா வீட்டுக்குச் சம்பந்தம் பேச வந்த அன்று, எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்று தொடங்கி ஆகமம்வரை போய்விட்டார்கள்.

“உங்கட ஐயர் பாதி மந்திரத்தை விழுங்கிறவர், அண்ணை,” என்றார் நித்தியானந்தன்.

“அப்பிடியெண்டால் இந்தச் சம்பந்தமே வேண்டாம்!” தியாகலிங்கம் எழுந்துவிட்டார்.

குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு எல்லாம் கேட்டது. நான், அக்கா, அபிசனின் தாய் ஜெயந்தி. கதவடியில் நின்ற லக்சாயினி அழத் தொடங்கினாள். அக்கா அடுப்பை அணைத்தாள்.

“அபிசன் தம்பி, இஞ்சை வாரும். லக்சாயினி, நீயும் வா. கதவைச் சாத்து.”

நாங்கள் மூவரும் கதிரைகளில் அமர, இருவரும் எங்கள் முன்னால் நின்றார்கள். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அக்காகூடப் பேசவில்லை என்றால் பாருங்கள்!

“தம்பி, கோயிலை விடும். என்ரை பிள்ளையைக் கட்ட உமக்கு விருப்பமோ?”

“ஓம் மாமி. எந்தக் கோயிலெண்டாலும். கோயில் இல்லாட்டியும்.”

லக்சாயினி “ஓம்” என்றதோடு நிற்கவில்லை. “அம்மா, உங்களை அண்டைக்கு ஆரும் கேட்டவையோ?”

அக்காவின் முகம் வாடிவிட்டது. “என்னை ஆர் கேட்டது? கூறைச்சேலை எடுத்தாப் பிறகுதான் எனக்கே தெரியும்.”

“எனக்குச் சம்மதம்,” என்றாள் ஜெயந்தி. நானும் தலையாட்டினேன். அக்கா வடைத் தட்டோடு கூடத்துக்குப் போனாள், நாங்கள் பின்னால்.

“கேட்டாச்சு. கலியாணம் நடக்கும். எந்தக் கோயிலெண்டு நீங்கள் ஆறுதலா இருந்து அடிபடுங்கோ.”

“ஆரைக் கேட்டனீ?” தியாகலிங்கம் பாய்ந்தார்.

“கட்டப்போறவையை. என்னைத்தான் ஒருத்தரும் கேக்கேல்லை. என்ரை பிள்ளையையாவது கேக்க வேண்டாமோ?”

அவர் பொத்தென்று கதிரையில் உட்கார்ந்தார். “என்னையும் ஒருத்தரும் கேக்கேல்லையப்பா,” என்றார், குரல் இறங்கி.

அக்கா அவரையே பார்த்தாள். “அப்ப நான் இப்ப கேக்கிறன். என்னைக் கட்ட உங்களுக்கு விருப்பமோ?”

“பிள்ளையளுக்கு முன்னாலை என்ன கேள்வியப்பா இது!” அக்கா அசையவில்லை. அவருக்குக் காது சிவந்துவிட்டது. “ஓம்... ஓமப்பா. உனக்கு?”

“பொம்பிளையளிட்டைக் கேட்டுத்தான் சொல்லுவன்.” விறுக்கென்று குசினிக்குள் போய்விட்டாள்.

முதலில் சிரித்தவர் நித்தியானந்தன்தான். “உங்கட கோயிலிலையே வைப்பம், அண்ணை,” என்று வடையை எடுத்தார்.

உள்ளே போய்ப் பார்த்தால், அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“முப்பது வருசத்துக்குப் பிறகு ஓமெண்டிட்டுதடி மனுசன்!”