இடப்பக்கப் பிரேக் காணாமற்போன நாள்

கார் ஓட்டப் பழக்கும் டீச்சருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்று. தொழிலில் இருபத்திரண்டாவது ஆண்டு. அவருடைய சிறிய வெள்ளைக் காரில், பழகுபவருக்கான பிரேக் தவிர, இடப்பக்க இருக்கையில் அமரும் டீச்சருக்கென்று தனியாக ஒன்று உண்டு. பழகுபவர் தடுமாறும்போது அதை மிதிப்பதே தம் வேலையில் பாதி என்று அவர் சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை காலை, முதல் பாடத்துக்கு வந்த பல் மருத்துவர் காரை நேராகக் குப்பைத்தொட்டியை நோக்கிச் செலுத்தினார். டீச்சர் மிதித்தார். வண்டி நிற்கவில்லை. கைப்பிரேக்கை இழுத்து, தொட்டிக்கு ஒரு சாண் இருக்கையில் நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தார். பிரேக்கும் இல்லை, அதைத் தாங்கிய கம்பியும் இல்லை. ரப்பர் விரிப்பு மட்டும் கிடந்தது. கதவில் ஒரு கீறலும் இல்லை. யாரோ நிதானமாக உட்கார்ந்து கழற்றிச் சென்றிருக்கிறார்கள்.

டீச்சரின் தம்பி இன்சூரன்ஸ் முகவர். அன்று மாலையே படிவத்தோடு வந்துவிட்டார்.

"இதைக் கொண்டுபோய் என்னதான் செய்வாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"இன்னொரு டிரைவிங் ஸ்கூல்காரன் வேலையாத்தான் இருக்கும் அக்கா. வேற யாருக்கு வேணும் இது? அவனாவது ஒழுங்கா மிதிக்கட்டும். இந்தாங்க, ஃபார்மை நிரப்புங்க. பாகம் திருட்டு உங்க பாலிசியில இருக்கு."

பாகத்தைக் கடைசியாகப் பார்த்த நாள் எது என்ற கேள்வியில் டீச்சரின் பேனா நின்றது.

"நேத்து சாயங்காலம்னு போடுங்க."

"நேத்து பார்த்தேனா?"

"பொழுதன்னிக்கும் அதும்மேலதானே காலை வெச்சிருக்கீங்க?"

"அதான் எனக்கும் புரியல."

டீச்சர் பாடக் குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓரிரு வரி எழுதுவது அவர் வழக்கம். புதன்கிழமைக்கு நேரே, "தபால்காரர். பின்னால் எடுப்பது தேவலை. என் காப்பி பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டேன்" என்று இருந்தது. செவ்வாய்க்கிழமைக்கு நேரே, "தபால்காரர். திருப்பத்தில் பிளாஸ்க் உருண்டது. கண்டித்தேன்." அதற்கு முந்தைய பக்கங்களில் பிளாஸ்க்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

டீச்சர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பிரேக் கம்பிக்கும் காரின் பக்கச் சுவருக்கும் நடுவே அதைச் செருகி வைப்பதுதான் பல ஆண்டுப் பழக்கம். இப்போது அதே இடத்தில் வைத்துக் கையை எடுத்தார். நின்றிருந்த காரிலேயே அது சாய்ந்து உருண்டது.

"திங்கக்கிழமை ராத்திரியே போயிருக்குடா. செவ்வாயும் புதனும் எட்டுப் பாடம் எடுத்திருக்கேன், பிரேக்கே இல்லாம."

தம்பியின் முகம் மாறியது. "அக்கா, இதை எழுதினா கவனக்குறைவுன்னு தள்ளிருவாங்க. லைசென்ஸ் ஆபீஸ் வரைக்கும் போனாலும் போகும். புதன் சாயங்காலம்னு ஒரு வரி. உங்க பிளாஸ்க்கை யாரு விசாரிக்கப் போறாங்க?"

"நோட்டுல இருக்கே."

"நோட்டை யாரு பார்க்கப் போறாங்க?"

"நான் பார்ப்பேனே."

தம்பி மேலும் அரை மணி நேரம் மன்றாடிப் பார்த்தார். டீச்சரின் கவனமோ வேறெங்கோ இருந்தது. எட்டுப் பாடங்களில் ஒருமுறைகூடவா தெரியாமல் போகும்? கடைசியில் படிவத்தை நிரப்பி முடிக்காமலேயே மடித்துத் தம்பியின் பையில் வைத்தார். புதிய பிரேக்குக்குத் தம் கைக்காசைக் கொடுத்துச் சொல்லிவைத்தார். அது வந்து சேரும்வரை, ஒரு வாரத்துக்குப் பாடம் கிடையாது என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பினார்.

சனிக்கிழமை அவர் தபால்காரரின் வீட்டுக்குப் போனார். ஓய்வு பெற்றபின் கார் பழக வந்தவர் அந்தத் தபால்காரர். எட்டு மாதங்களாக ஓட்டுகிறார். தேர்வுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம், "என் காலை நம்பி ஓட்டுறீங்க. நான் மிதிக்கலன்னா அடுத்த ஊர்லதான் போய் நிப்பீங்க" என்று டீச்சர் வாயை அடைத்துவிடுவார்.

"செவ்வாய்க்கிழமை உங்களைத் திட்டினது தப்பு. பிளாஸ்க் உங்களால உருளல" என்று தொடங்கி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார் டீச்சர்.

தபால்காரர் கேட்டார்: "அப்ப அந்த ரெண்டு நாளும் பிரேக் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட முக்குல லாரி குறுக்க வந்துச்சே, அதுக்குமா?"

"அதுக்கும்தான்."

"நீங்க மிதிச்சீங்கன்னுல்ல நான் நெனச்சேன்."

"நானும்தான். மிதிச்சேன், வண்டி நின்னுச்சு. விரிப்பை மிதிச்சிருக்கேன்."

தபால்காரருக்குச் சிரிப்பு வந்தது, மரியாதைக்காக அடக்கிக்கொண்டார். "பரிட்சைக்கு எழுதிக் குடுத்துருவீங்களா டீச்சர்?"

"புது பிரேக் வரட்டும். மாட்டினதும் எழுதிக் குடுத்துடறேன்."

"அது எதுக்கு எனக்கு?" என்றார் தபால்காரர்.

டீச்சர் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். செவ்வாய்க்கிழமை வரியை அடிக்காமல், அதன் ஓரத்தில், "லாரிக்கு நிறுத்தியவர் தபால்காரர்" என்று எழுதித் தேதியிட்டார். பிறகு பக்கத்தைப் புரட்டி, தேர்வுக்கு எந்த நாள் வசதிப்படும் என்று அவரையே கேட்டார்.