எடைமேடைக்கு வந்த மௌஸ்

தீவன ஆலையின் வாசலில், எடைமேடை அறையில் உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் தராசக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளக் கவரில் மட்டும்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி. மக்காச்சோளம் ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நிற்கும். சக்கரம் ஏதாவது வெளியே தொங்குகிறதா என்று ஜன்னல் வழியாக நாலு மூலையும் பார்ப்பாள். அப்புறம் மேஜைமேல் இருக்கும் எடைப்பெட்டியில் சிவப்பு எண் ஆடி அடங்கும்வரை காத்திருப்பாள். அடங்கியதும் கீபோர்டைப் பார்க்காமலே ஒரு பொத்தானைத் தட்டுவாள். பக்கத்துக் கம்ப்யூட்டர் அந்த எண்ணை வாங்கிச் சீட்டில் அடித்துத் தள்ளும். அவசரப்படுத்துகிறவர்களை அவள் சட்டை செய்வதில்லை. ஹாரன் அடித்தால் இன்னும் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் பழசு. காலையில் உறுமிக்கொண்டுதான் எழுந்திருக்கும். அதில் மௌஸ் இருந்ததும் இல்லை, அது இல்லை என்று யாரும் வருத்தப்பட்டதும் இல்லை. ஆலைக்காரர்கள் புது புரோகிராம் ஒன்று வாங்கியபோதுதான் வம்பு வந்தது. இனிமேல் சீட்டு வேண்டுமென்றால் திரையில் இருக்கும் கட்டத்தில் அம்பை வைத்து மௌஸால் அழுத்த வேண்டுமாம். அட்டைப்பெட்டியில் மௌஸ் வந்தது, கூடவே புது புரோகிராம் இருக்கும் ஒரு ஃபிளாப்பி, எப்படிப் போடுவது என்று ஒரு தாள்.

"அடுத்த வாரம் மெக்கானிக் வந்து மாட்டுவாரு. அதுவரைக்கும் பழைய புரோகிராமே ஓடட்டும். யாரும் கை வைக்காதீங்க," என்றார் மேனேஜர்.

யாரும் என்றால் யார்? அந்த அறையில் அவளைத் தவிர இருப்பது ஒரு மின்விசிறி. பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றியவள், பூட்டிக்கொண்ட அலமாரியைக் கொண்டை ஊசியால் திறந்தவள், ஒரு மௌஸுக்காக ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா?

மத்தியானம் லாரி வராத நேரத்தில் கம்ப்யூட்டரை அணைத்து, முதுகுப் பக்கம் திருப்பினாள். ஒன்பது ஊசி நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு இரண்டு இருந்தது. ஒன்றில் எடைப்பெட்டியின் கேபிள். மற்றது தூசி பிடித்துக் காலியாகக் கிடந்தது. துடைத்து, மௌஸின் வயரைச் செருகி, இரண்டு பக்கத்துத் திருகையும் விரலால் முறுக்கினாள். ஃபிளாப்பியைப் போட்டு, தாளில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். அம்பு வந்தது. வந்து நடுத்திரையில் அப்படியே நின்றது. தாளின் கடைசியில் நாலு எண் கொடுத்து, பொருந்துவதைப் போடவும் என்று இருந்தது. எது பொருந்தும் என்று சொல்லத்தான் அந்தப் புண்ணியவான்களுக்கு மனசு வரவில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது எண்ணில் அம்பு நகர்ந்தது.

அன்று சாயங்காலம் பஸ் கண்டக்டரான அவள் புருஷன் இந்தக் கதையை இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது, "போதும், நாளைக்கு என் பஸ்ஸுக்கும் ஒண்ணு மாட்டிக் குடு," என்றார். மேனேஜரும் வந்து பார்த்து, "பரவாயில்லையே" என்று சொல்லி, மெக்கானிக்கை வரவேண்டாம் என்றுவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் சீக்கிரமே பழகிவிட்டாள். முதல் நாள் மேஜையின் ஓரம் வந்ததும் மௌஸை என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றாள். மறுநாள் அதைத் தூக்கி வைக்கத் தெரிந்துவிட்டது. ஒரே ஒரு தொந்தரவுதான். அந்த அம்பு எறும்பு அளவுதான் இருக்கும். திரையில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க மௌஸை நாலு தடவை ஆட்ட வேண்டும். அதனால் லாரி மேடையில் ஏறும்போதே அவள் கை மௌஸுக்குப் போய்விடும், கண் திரைக்குப் போய்விடும். எடை திரையிலும்தான் வருகிறது. அப்புறம் எதற்குப் பெட்டியைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்து நாள் கழித்து மேனேஜர் மூன்று சீட்டுகளோடு வந்தார். மூன்றும் ஆமை டிரைவருடையவை. அவன் லாரியை மேடைமேல் ஏற்றுவதற்குள் மற்றவர்கள் ஏற்றி, இறக்கி, கிளம்பியே போய்விடுவார்கள். அதனால் வந்த பெயர். பதினாலு வருஷமாக ஆலைக்குச் சரக்கு ஓட்டுகிறவன். சரக்கு ஏற்றிய இடத்துச் சீட்டில் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ, இங்கே பதினெட்டாயிரத்து ஐந்நூற்று அறுபது. மற்ற இரண்டு தடவையும் முந்நூறு கிலோவுக்குக் குறையாமல் துண்டு விழுந்திருந்தது.

"வழியில இறக்கி விக்கிறான். உங்க சீட்டுல சந்தேகம் எதுவும் இல்லையே?"

"என் சீட்டுலயா? கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாக்குறேன் சார்."

அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சனிக்கிழமை முடிவு சொல்வதாகப் பேச்சு. அவன் வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மடியில் கனம் இருக்கிறது, அதுதான் பேச்சு வரவில்லை என்று தராசக்காவும் நினைத்தாள்.

வியாழக்கிழமை வேறொரு நீள லாரி வந்தது. முன்சக்கரம் ஏறி, பின்சக்கரம் ஊர்ந்துகொண்டிருந்தது. அம்பு எங்கேயோ போய்த் தொலைந்திருந்தது. மௌஸை ஆட்டிக்கொண்டே தற்செயலாகப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். லாரி நின்றுவிட்டிருந்தது. சிவப்பு எண் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது. திரையில் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. மௌஸிலிருந்து கையை எடுத்தாள். திரையின் எண் ஒரே தாவலில் பெட்டியின் எண்ணுக்கு வந்து நின்றது.

"தம்பி, கொஞ்சம் பின்னால போயி மறுபடி ஏறுங்க."

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே போய் ஏறினான். மூன்று தடவை ஏறவைத்தாள். மௌஸை ஆட்டிக்கொண்டிருக்கும்வரை திரை பழைய எண்ணிலேயே நின்றது. கடைசிச் சக்கரம் முழுசாக மேடையில் உட்காருவதற்கு முந்தைய எண். ஆட்டிய கையோடு அழுத்தினால் அதுவே சீட்டில் விழும். மற்ற லாரிகள் இவள் கை மௌஸைத் தொட்டு அம்பைத் தேடத் தொடங்குமுன்பே சட்டென்று ஏறி நின்றுவிடும். ஆமை மட்டும்தான் அவள் தேடும்போது இன்னும் ஏறிக்கொண்டிருப்பான்.

அவளுக்கு அவமானம், அதைவிடப் பயம். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, "மௌஸைக் கழட்டிப் போட்டுட்டு, கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு. இனிமே எடை சரியா வரும். யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"அந்த ஆளு?"

"லைசென்ஸ் இருக்கு. வேற எங்கயாவது ஓட்டுவான்."

திருட்டுப்பட்டம் கட்டி அனுப்பிய டிரைவருக்கு எவன் வண்டி கொடுப்பான்? அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போனாள். கண்டக்டரும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜரைக் கூட்டிவந்து, அவர் கையையே மௌஸ்மேல் வைத்து ஆட்டச் சொன்னாள். லாரி ஏறியது. எண் நின்றது. அவர் கையை எடுத்தார், எண் தாவியது. போனில் மெக்கானிக்கைக் கேட்டதில், அந்த மூன்றாவது எண் எடைப்பெட்டி கம்ப்யூட்டருக்குள் போக ஏற்கெனவே பயன்படுத்தும் வழியாம். மௌஸ் போய்க்கொண்டிருந்தால் எடை வெளியே காத்துக் கிடக்குமாம்.

"கை வைக்காதீங்கன்னு சொன்னேனே."

"சொன்னீங்க சார்."

"சீட்டுல சந்தேகம் இருக்கான்னும் கேட்டேன்."

"கேட்டீங்க."

எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஒளிக்காமல் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவள் ஃபைலில் முதல் தடவையாக ஒரு மெமோ ஏறியது. கூப்பிட்டனுப்பிய ஆமை டிரைவர் மத்தியானம் வந்தான். எடைமேடை அறையின் கதவோரம் நின்றான். அவள் எழுந்து நின்றாள்.

"தப்பு என்னுது தம்பி. மௌஸைத் தப்பா மாட்டிட்டேன், பெட்டியையும் பாக்காம விட்டுட்டேன். நீங்க திருடலை."

"நான் திருடலைன்னு எனக்குத் தெரியாதாக்கா?"

"அப்புறம் ஏன் அன்னிக்கு வாயைத் திறக்கலை?"

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "உங்க சீட்டு தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை. வண்டியில எங்கூட வர்றது என் மச்சினன் மட்டும்தான். நான் டீ குடிக்கப் போற நேரத்துல அவன்தான் மூட்டையை இறக்கியிருப்பான்னு நெனைச்சேன். அவனைக் காட்டிக் குடுக்க மனசு வரலை. வீட்டுக்குப் போயி அடிச்சேன். வெளியே போடான்னுட்டேன். போயிட்டான். எங்க இருக்கான்னு தெரியலை."

தராசக்கா நாற்காலியை உள்ளே தள்ளினாள். "நான் உங்க வீட்டுக்கு வர்றேன்," என்றாள். "அவங்க தம்பி எடுக்கலைன்னு உங்க சம்சாரத்துக்கிட்ட நானே சொல்றேன்."

"வாங்க. நீங்க சொன்னா நம்புவா. என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லைன்னு அவ ஒத்தைக்கால்ல நின்னா. உங்க சீட்டு மூணையும் எடுத்துக் காட்டினேன். அதுக்கப்புறம்தான் அடங்கினா."

அவள் மேனேஜரை எடைமேடை அறையில் உட்காரச் சொல்லிவிட்டு அவனோடு நடந்தாள்.