அக்காவின் பெயர் சிவந்தபோது

என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பேங்க்கில் இன்றைக்கும் செக்கைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட நான், பத்து வயதில் என்னை ஒரு பெரிய எழுத்துக் கலைஞி என்று நம்பியிருந்தேன். எல்லாம் சித்தப்பாவால் வந்தது.

சித்தப்பாவுக்கு சிங்காநல்லூரில் மில் ஆபீஸ் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூட சர்டிபிகேட்டுகளில் பெயர் எழுதிக் கொடுப்பார். மரக்கட்டையில் செருகிய கூர் நிப்பு. மேலே இழுத்தால் தலைமுடி மாதிரி கோடு வரும். கீழே அழுத்தினால் நிப்பு இரண்டாக விரிந்து பட்டையாக இறங்கும். நான் அழுத்தினால் மட்டும் தாள் கிழியும்.

“அம்மணி, நிப்பும் உன்ற நாக்கும் ஒண்ணு. அழுத்துனா ரண்டாப் பொளந்துக்கும்” என்பார்.

அவர் மில்லுக்குப் போனதும் மை பாட்டில்கள் என் வசம். நீலத்தில் சிவப்பைக் கலந்து கத்திரிக்காய் நிறம் கண்டுபிடித்தேன். பச்சையில் சிவப்பைக் கலந்து சாக்கடை நிறம் கண்டுபிடித்தேன். இந்த இரண்டாவது கண்டுபிடிப்பை யாரும் பாராட்டவில்லை.

அந்த சமயத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மறுநாள் காலை தாராபுரம் பஸ் ஏறிக் கொண்டுபோய் வைப்பதாக ஏற்பாடு. அதன் வெள்ளைக் கவரில் மாப்பிள்ளை பெயரையும் அக்கா பெயரையும் சித்தப்பா சாயங்காலம் வந்து எழுதுவதாக இருந்தது.

மூலைக்கு மட்டும் ஏன் மஞ்சள், பெயரையே மஞ்சளில் எழுதினால் சாமிக்கு இன்னும் பிடிக்குமே என்று எனக்குத் தோன்றியது. மஞ்சள்தூளை வெந்நீரில் கரைத்து, கருவேலம் பிசின் சேர்த்து, அப்பாவின் வேட்டியில் வடிகட்டினேன். வேட்டிக்கு நடந்தது தனிக்கதை.

மாப்பிள்ளை பெயர் அமைந்துவிட்டது. அக்கா பெயரின் கடைசி எழுத்தில் நிப்பு திக்கி, ஒரு பெரிய சொட்டு விழுந்து பரவியது. துணி துவைக்கும் கல்லில் கிடந்த சோப்பில் விரலைத் தேய்த்து வந்து துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஈரம் பரவி, விரல் பட்ட இடமெல்லாம் சிவந்தது. முதலில் கடைசி எழுத்து. அப்புறம் நடு எழுத்து. அப்புறம் முழுப்பெயரும். மாப்பிள்ளை பெயர் மஞ்சளாகவே இருக்க, அக்கா பெயர் மட்டும் ரத்தமாக இருந்தது.

விரலைப் பார்த்தேன், வெட்டு இல்லை. அப்படியானால் ரத்தம் எங்கிருந்து வந்தது? மஞ்சளும் சோப்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்! சாமிக்குக் கோபம், அதை அக்கா மேல் காட்டப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

சாமியை விட அப்பா பெரிய பயம். பூனை குறுக்கே போனதற்காகப் பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு திரும்புகிறவர். போன வருஷம் அக்காவுக்கு வந்த ஒரு வரனை, பேச்சு நடக்கும்போது விளக்கு அணைந்தது என்று வேண்டாமென்றவர். இந்த இடத்திலும் இதுவரை நல்ல சகுனம் ஒன்றும் தெரியவில்லையே என்று அரை மனதாகத்தான் இருந்தார். இந்தக் கவரைப் பார்த்தால் கல்யாணம் நிற்கும். நின்றதற்குக் காரணம் நானாக இருப்பேன்.

உள் அறைக்கு ஓடினேன். இனி காலேஜ் வேண்டாமென்று அப்பா சொல்லியிருந்ததால், அக்கா புத்தகங்களைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கவரை நீட்டினேன். வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

“ஏங் கண்ணு, இதப் பாத்தா அப்பா கண்ணாலத்த நிறுத்திப்போடுவாரா?”

குரல் அவள் குரல் மாதிரியே இல்லை. பாவம், என்னைவிடப் பயந்துவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது.

“நிக்காதுக்கா. நான் சரி பண்ணிப்போடறேன்.”

“வேண்டாம். இது இப்படியே இருக்கட்டும். அப்பாகிட்ட நானே காட்டறேன்.”

என் மேல் பழி வராமலிருக்கத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவளை மாட்டிவிட்டுத் தப்பிக்கிற ஆளா நான்? கவரைப் பிடுங்கப் பார்த்தேன். அவள் விடவில்லை. “குடு கண்ணு, குடு” என்று கெஞ்சினாள். கையைக் கடித்து, கவரோடு ஓடினேன்.

துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து யோசித்தேன். மாப்பிள்ளை பெயர் மேலும் சோப்பு விரலை வைத்தேன். அதுவும் சிவந்தது. ஓரங்களை நிப்பால் திருத்தி, காய வைத்து, பூஜை அலமாரியில் வைத்தேன்.

சாயங்காலம் அப்பா கவரை எடுத்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“ஏப்பா தம்பி, குங்குமத்துலயே எழுதிப்போட்டயா?”

சித்தப்பா வாங்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் திரும்பினார்.

“நானில்லீங்கண்ணா. நம்ம அம்மணி வேலைங்க.”

“மூலைக்கு மஞ்சள், பேருக்குக் குங்குமம்! புள்ளைக்கு ஆரு சொல்லிக் குடுத்தா? ஆத்தாளே எறங்கி எழுத வெச்சிருக்கறா. இனி எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. அம்மணி, இங்க வா கண்ணு!”

அம்மா திருஷ்டி கழித்தாள். கறையான தன் வேட்டியைப் பற்றி அப்பா அன்றைக்குக் கேட்கவே இல்லை. பிழைத்தேன் என்று எனக்குக் காய்ச்சலே இறங்கினாற்போல இருந்தது.

நல்ல செய்தியைச் சொல்ல அக்காவிடம் ஓடினேன். எல்லாம் அவள் காதில் விழுந்துதான் இருந்தது. கட்டிய புத்தகங்களின் மேல் தலையைச் சாய்த்து, அசையாமல் இருந்தாள். கடித்த இடத்தில் என் பல் பதிந்திருந்தது. நான் தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

இன்னும் பயம் தெளியவில்லை போலிருக்கிறது என்று, சாமி அலமாரியிலிருந்து திருநீறு எடுத்து வந்து அவள் நெற்றி நிறையப் பூசிவிட்டேன்.