மூன்று ஹோட்டலும் ஒரு படுக்கையும்

வேலை செய்த இடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘மடிப்பு’ என்றால்தான் தெரியும். விரிப்பின் மூலையை அவர் மடித்துச் செருகிவிட்டால், அதன்மேல் குழந்தை ஏறிக் குதித்தாலும் கலையாது. நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே ஹோட்டல், அதே வேலை.

மனைவியைப் பார்த்ததும் அங்கேதான். இரட்டைக் கட்டில் என்றால் இரண்டு பேராக விரிப்பார்கள். வாசல் பக்கம் அவர், ஜன்னல் பக்கம் அவள். உதறிய விரிப்பு இருவருக்கும் நடுவே ஒரு கணம் காற்றில் நிற்கும். அது இறங்குவதற்குள் அவள் எதையாவது சொல்லி அவரைச் சிரிக்க வைத்துவிடுவாள். கல்யாணப் பேச்சைக்கூட அப்படி ஒரு விரிப்பின் குறுக்கேதான் பேசி முடித்தார்கள்.

“அடுத்தவன் படுக்கையை விரிச்சே நம்ம காலம் போயிடும் போல,” என்பாள். “ஒரு நாளாவது நாமளும் ரூம் எடுத்துத் தங்கணும். காலையில எழுந்து, எல்லாத்தையும் கசங்கினது கசங்கினபடி போட்டுட்டு, திரும்பிப் பாக்காம போகணுங்க.”

“அதெல்லாம் நடக்காது. உன்னால திரும்பிப் பாக்காம இருக்க முடியாது.”

“உங்களாலதான் முடியாது. நான் போயிட்டே இருப்பேன். பந்தயம் கட்டுறீங்களா?”

போன வருடம் ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டாள். சொன்ன மாதிரியே, திரும்பிப் பார்க்காமல்.

அன்றிலிருந்து அவர் கட்டிலில் படுக்கவில்லை. கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூக்கம். மகள் கேட்டால், “டிவி பாத்துக்கிட்டே கண்ணசந்துட்டேம்மா” என்பார். டிவி ஓடியதாகத் தெரியாது. படுக்கையறைக் கட்டிலில் அவள் கடைசியாக விரித்த விரிப்பு அப்படியே கிடந்தது. கால் இரண்டும் வீங்கின. டாக்டர் மருந்து எழுதவில்லை. “படுத்துத் தூங்குங்க. இப்படியே உட்கார்ந்து தூங்கினா மாத்திரை வேலை செய்யாது” என்று மட்டும் சொல்லி அனுப்பினார்.

மகள் லிஃப்ட் பொறியாளர். எது நின்றாலும் காரணம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் ஓடவைத்துவிடலாம் என்பது அவள் படிப்பு. புது மெத்தை வாங்கினாள். கட்டிலைத் திருப்பிப் போட்டாள். பிறகு அதை எடுத்துவிட்டு ஒற்றைக் கட்டில் ஒன்று போடலாமா என்று கேட்டாள். “இருக்கட்டும்” என்றார். எதற்கும் அவர் மசியவில்லை. அதற்குமேல் அவளும் வற்புறுத்தவில்லை. அவளுக்கும் அம்மா போய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

பள்ளி விடுமுறை வந்தது. பேத்திக்குத் தீம் பார்க் போக வேண்டும். மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை.

“தாத்தா வந்தாத்தான் நான் போவேன்,” என்றாள் பேத்தி.

“தாத்தா எதுக்கு? ராட்டினத்துல தள்ளிவிடவா?”

“பையைப் பிடிச்சுக்க.”

அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை.

பூங்காவுக்கு உள்ளேயே அரண்மனை மாதிரி ஒரு ஹோட்டல் உண்டு. அதன் விலையைப் பார்த்ததும் மகள் அந்தப் பக்கத்தை மூடிவிட்டாள். பேருந்து நிலையத்தை ஒட்டிய மலிவு விடுதிகளைப் பற்றிப் படித்துவிட்டு மகள் தலையை ஆட்டினாள். நடுவில் மிஞ்சியவை மூன்று. நடுத்தர விலை, ஒரே சாலை. ஒன்று ஏரியைப் பார்த்தபடி. இன்னொன்று பூங்கா வாசலுக்கு நேர் எதிரே. மூன்றாவது, பச்சைக் கூரை போட்டது, சாலையின் கோடியில்.

மகள் கணினியில் அட்டவணை போட்டாள். வாசலுக்கு எவ்வளவு தூரம், காலை உணவு உண்டா, அறை எவ்வளவு பெரிசு, நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்கு ஆழம் குறைந்த பகுதி உண்டா, லிஃப்ட் எத்தனை. கடைசியில் மூன்றும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணில் வந்து நின்றன.

“படத்தைப் பாத்து எப்படிம்மா முடிவு பண்றது? நேர்ல ஒரு நடை பாத்துட்டு வந்துடலாம்,” என்றார் அவர்.

ஒரு வருடத்தில் அவராக வாயைத் திறந்து ‘போகலாம்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மகள் கார் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஏரிக்கரை ஹோட்டலில் நுழைந்ததும் மகள் லிஃப்டின் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்து நின்றாள். “கயிறு தேஞ்சிருக்கு” என்றாள். பேத்தி ஏரியில் ஒரு வாத்தைக் கண்டுபிடித்து, இந்த ஹோட்டல்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அவர் நடைவழியைப் பார்த்தார். அறை சுத்தம் செய்யும் பெண்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். ஒருத்தி வாயில் ஒரு தலையணை உறையைக் கவ்விக்கொண்டே இன்னொன்றை மாட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர்வாசல் ஹோட்டலில் எல்லாம் புதிசு. ஆனால் ஜன்னலைத் திறந்தால் பூங்காவில் தலைகீழாகச் சுற்றுகிறவர்களின் அலறல் நேராகக் கட்டிலுக்கு வந்தது.

“சாயங்காலத்தோட நின்னுடும் சார்,” என்றான் அறையைக் காட்ட வந்தவன்.

“அதுவரைக்கும் அவங்களுக்கு எப்படியோ, எனக்கு வயித்தக் கலக்குதுப்பா,” என்றார்.

பச்சைக் கூரையில் குளம் சின்னது. பூங்கா வாசலில் கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஹோட்டல் வேனில்தான் போக வேண்டும். மாதிரிக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டார்கள். அவர் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார். திரைக்குப் பின்னால் பார்த்தார். விரிப்பின் மூலையை விரலால் தடவினார்.

“அப்பா, மாப்பிள்ளை வீடு பாக்க வந்தவங்க மாதிரி பண்ணாதீங்க,” என்று மகள் காதோடு சொன்னாள்.

“மாப்பிள்ளை சரியில்லன்னா அப்புறம் யார் அழறது?”

வெளியே வந்ததும் சொன்னார். “இதுவே இருக்கட்டும்.”

“ஏன்? அட்டவணையில இதுதான் கடைசி.”

“விரிப்பு ஏத்துற தள்ளுவண்டி சுவரை ஒட்டி நேரா நிக்குது. ஓடுறவங்க அப்படி நிறுத்த மாட்டாங்க. இங்க ஆளுங்களை விரட்டல.”

“என் அட்டவணையில அதுக்குக் கட்டம் இல்லையேப்பா.”

“சேத்துக்கோ.”

அவள் சிரித்துவிட்டாள். வாத்து இல்லாததால் பேத்தி வழியெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். கடையில் பஞ்சு வாத்து ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் முகம் இறங்கியது.

அடுத்த வாரம் வந்து இரண்டு இரவுக்கு அறை எடுத்தார்கள். இரண்டு கட்டில். மகளும் பேத்தியும் ஒன்றில் படுத்தார்கள். காலையில் மகள் கண் விழித்தபோது அப்பா ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். அவர் கட்டில் தொட்ட அடையாளமே இல்லாமல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததை அவரும் பார்த்தார். இரண்டு பேரும் காலை உணவைப் பற்றிப் பேசினார்கள்.

மகளும் பேத்தியும் பல் தேய்த்து வருவதற்குள், அவர்கள் படுத்த கட்டிலை அவர் விரித்துவிட்டார். கை சும்மா இருக்கவில்லை. துண்டுகளை மடித்து அடுக்கினார். கண்ணாடி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். குப்பைக் கூடையைக் காலி செய்தார். பைகளை எல்லாம் தூக்கிக் கொண்டுபோய்க் காரில் வைத்தார்.

“நாளைக்குத்தானே கிளம்புறோம்? பை எதுக்கு இப்பவே?”

“ரூம்ல பொருளை விட்டுட்டுப் போகக் கூடாது. விட்டுட்டுப் போயிட்டு அழுதுகிட்டே வந்தவங்களை எத்தனை பேரைப் பாத்திருக்கேன்.”

கடைசியாகத் தலையணைமேல் கொஞ்சம் பணம் வைத்தார். சுத்தம் செய்கிறவர்களுக்கு. வேலை பார்த்த காலத்தில் அப்படி யாராவது வைத்துவிட்டுப் போனால் அன்றைக்கு அவருக்கும் மனைவிக்கும் டீக்கடையில் விருந்து.

பூங்காவில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேத்தி கெஞ்சி ஒரே ஒரு ராட்டினத்தில் ஏற்றினாள். ஆளை உட்காரவைத்துச் சுற்றும் கோப்பை. இறங்கும்போது அவருக்குத் தரை சுற்றியது. “தாத்தாவுக்குப் பயம்!” என்று அவள் வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் அறிவித்தாள்.

சாயங்காலம் வேனில் திரும்பினார்கள். பேத்தி மகளின் தோளில் அரைத் தூக்கம். அறைக் கதவில் சாவி அட்டையை வைத்தால் சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தால் மறுபடி சிவப்பு. உள்ளிருந்து கதவு திறந்தது. இடுப்பில் துண்டோடு ஒருவர் நின்றார்.

“யாரு வேணும்?”

“இது எங்க ரூம்,” என்றாள் மகள்.

“எங்க ரூம்ங்க. மத்தியானமே வந்துட்டோம்.”

கீழே வரவேற்பில் மேனேஜர் அம்மா கணினியைப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். ரூம் காலி என்று மாடியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. ஹோட்டல் நிரம்பிய நாள், கீழே ஆட்கள் காத்திருந்தார்கள், கொடுத்துவிட்டார்கள். அந்த மாடியில் வேலை பார்த்த பெண்ணைக் கூப்பிட்டார்கள். நடுவயதுக்காரி. கையில் துடைக்கும் துணியோடு வந்தாள்.

“ரெண்டு நாள் புக்கிங். காலின்னு எப்படிச் சொன்னே? இப்ப இவங்களுக்கு யார் பதில் சொல்றது?”

அவள் முகம் வெளுத்துவிட்டது. “பை இல்ல மேடம். தலையணையில காசு இருந்துச்சு. போறவங்கதானே காசு வெப்பாங்க. அதோட, படுக்கை...” நிறுத்திக்கொண்டாள்.

“படுக்கைக்கு என்ன?”

“விரிச்சு முடிஞ்சிருந்துச்சு மேடம். மூலையைப் பாத்தேன். தங்க வந்தவங்க யாரும் அப்படி விரிக்க மாட்டாங்க. நம்ம ஆளு யாரோ எனக்கு முன்னாடி வந்து முடிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவருக்குக் காது சூடானது. மேனேஜருக்கு முன்னால் போய் நின்றார்.

“அம்மா, அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என் பேர்ல. விரிச்சது நான்தான். எனக்கு இதான் தொழில். கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியல.”

அந்தப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பயம் போய்ச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “அண்ணே, நீங்களா? டம்ளரைக்கூடக் கழுவிக் கவுத்து வெச்சிருந்தீங்களே!”

“ஊருக்கெல்லாம் வேலை பாத்தீங்க, இப்ப நமக்கே ரூம் இல்ல,” என்றாள் மகள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். வாக்கியம் முடிவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேனேஜரும் சிரித்தாள்.

மேல்மாடியில் ஒரே ஓர் அறை மிச்சம் இருந்தது. சலவை தாமதமாக வந்ததால் படுக்கை மட்டும் இன்னும் விரிக்கவில்லை. வெறும் மெத்தையோடு ஓர் இரட்டைக் கட்டில், சுவரோரம் சின்னக் கட்டில் ஒன்று. அந்தப் பெண் விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். பேத்தி பஞ்சு வாத்தை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஓடினாள்.

“நான் ஜன்னல் பக்கம்! தாத்தா அந்தப் பக்கம்! அம்மாவுக்குக் குட்டிக் கட்டில்!”

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண் விரிப்பைப் பிரித்ததும், பழக்க தோஷத்தில் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார்.

“உட்காருங்கண்ணே.”

“ஒரு கை பிடிக்கிறேம்மா. இரட்டைக் கட்டில்.”

“கீழே இருந்தப்பதான் அண்ணன். இங்க நீங்க சார். நீங்க விரிச்சுத்தான் எனக்கு இன்னைக்கு அர்ச்சனை. உட்காருங்க சார்.”

உட்கார்ந்தார். கையைத் தொடைகளுக்கு நடுவே செருகிக்கொண்டார். அவள் விரிப்பை உதறினாள். அது மேலே எழும்பி ஒரு கணம் காற்றில் நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மறுபக்கம் யாரும் இல்லை. விரிப்பு இறங்கி மெத்தைமேல் கோணலாகப் படிந்தது. அவ்வளவுதான் நடந்தது. அவள் கட்டிலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வந்து இழுத்துச் சரிசெய்தாள்.

“ஒரே ஆளா எப்படிம்மா?” என்று கேட்டார்.

“சுத்தி வந்தா ஆச்சு சார். நேரம் கொஞ்சம் கூட ஆகும்.”

அவள் போனதும் பேத்தி ஏறிக் குதித்தாள். இரண்டாவது குதியிலேயே ஒரு மூலை பிதுங்கி வெளியே வந்தது. மகள் அப்பாவின் கையைப் பார்த்தாள். அது அந்த மூலைப் பக்கம் போகவில்லை.

காலையில் வெயில் முகத்தில் பட்டுத்தான் அவர் கண் விழித்தார். பேத்தியின் கால் ஒன்று அவர் வயிற்றின்மேல் கிடந்தது. வாத்து கழுத்துக்கு அடியில். மகள் எப்போதோ எழுந்துவிட்டிருந்தாள். குட்டிக் கட்டிலின் விளிம்பில், அவரையே பார்த்தபடி, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“என்னம்மா, நேரமாச்சா?”

“நிறைய ஆச்சுப்பா. ஆகட்டும்.”

கிளம்பினார்கள். அவர் கட்டிலுக்கு முன்னால் நின்றார். ஒரு தலையணை தரையில். விரிப்பு நடுவில் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது.

“தாத்தா, விரிக்கலையா?”

“வேண்டாம்டா. நேத்து விரிச்சதுக்கே ஒருத்தங்க திட்டு வாங்கினாங்க.”

தலையணைமேல் பணத்தை வைத்தார். “வீட்டுல அந்த விரிப்பைத் துவைக்கப் போடணும்மா,” என்றார். “ஒரு வருஷமாச்சு.”

மகள் தலையாட்டிவிட்டு, நடைவழியில் போய் லிஃப்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் கதவுவரை வந்துவிட்டார். கைப்பிடியையும் பிடித்துவிட்டார். பிறகு திரும்பி ஒரு தடவை பார்த்தார்.

லிஃப்டில் ஏறும்போதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“என்னப்பா தனியா சிரிக்கிறீங்க?”

“உங்கம்மா ஜெயிச்சுட்டா.”