எத்தனை விரல்?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது என் டியூட்டியில், என் கண் முன்னால் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று சொன்னவனை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் கண் வார்டில் உட்கார வைக்க வேண்டும்.

மணி ஒன்றரை. லாரி டிரைவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். டயர் மாற்றும்போது ஜாக்கிக் கம்பி எகிறி வலது கண்ணில் அடித்துவிட்டது. கண்குழி எலும்பு உடைந்து, இமை கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

"இப்போதைக்குப் பார்வை இருக்கு," என்றார் டாக்டர். "உள்ள ரத்தம் கட்டினா நரம்பை நசுக்கிடும். அரை மணிக்கு ஒரு தடவை விரலைக் காட்டிக் கேளு. தப்பா சொன்னா உடனே கூப்பிடு, இமை ஓரத்தைக் கீறி விடணும். லேட் பண்ணினா கண்ணு போச்சு."

அவர் மனைவி என் கையை விடவில்லை. "ஒத்தைக் கண்ணோட லாரி ஓட்ட விடமாட்டாங்க சிஸ்டர். இந்தக் கண்ணுதான் எங்க சோறு." நான் இருக்கேன்ல என்று சொல்லி வெளியே உட்கார வைத்தேன். பெரிய இவள் மாதிரி.

2.00. இடது கண்ணை மூடி, வலது இமையைத் தூக்கி, விரல் காட்டினேன். "ரெண்டு." சரி.

2.30. "நாலு." சரி. ஆனால் யோசித்துச் சொன்னார். தலையைச் சாய்த்து, எதற்கோ காது கொடுப்பது போல…

3.00. "ஒண்ணு." சரி. டார்ச் அடிக்கப் போனேன். "கூசுது சிஸ்டர், வேணாம்." விரலைத்தான் சரியாகச் சொல்கிறாரே என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

3.30. "மூணு."

நான் இன்னும் கையைத் தூக்கவே இல்லை.

மூன்றுதான் காட்ட நினைத்திருந்தேன்.

4.00. விரல்களை மடக்கி, வெறும் முஷ்டியைக் காட்டினேன்.

"எத்தனை?"

மறுபடியும் தலையைச் சாய்த்தார். ஃபேன் சத்தம் மட்டும்… டக்… டக்…

"ஒண்ணுமில்ல. ஏன் சிஸ்டர் சிரிக்கிறீங்க?"

நான் சிரிக்கவில்லை.

அறையில் வேறு யாரும் இல்லை.

டார்ச் அடித்தேன். கண்மணி விரிந்து கிடந்தது. அசையவில்லை. கண் கல்லாக இருந்தது.

4.04க்கு டாக்டர் ஓடி வந்தார். கட்டிலிலேயே கீறினார். ரத்தம் வடிந்தது. பார்வை வரவில்லை.

"இது போய் ஒன்றரை மணி நேரமாவது இருக்கும்," என்றார். "என்னத்தம்மா பாத்துக்கிட்டிருந்த?"

அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் காலையில் அவரிடமே கேட்டேன். "எப்பலேர்ந்து தெரியல?"

"ரெண்டரைக்கே இருட்டிடுச்சு."

"ஐயோ, ஏன் சொல்லல?"

"நீங்கதானே சிஸ்டர் காதுல நம்பர் சொன்னீங்க? என் வேலை போயிடக் கூடாதுன்னு பாவம் பாத்து உதவி பண்றீங்கன்னு நெனச்சேன். கேள்வி எதிர்லேர்ந்து வந்துச்சு. பதில் தலகாணிப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு. ரெண்டும் உங்க குரல்தான்…"

என் கண் தலையணைப் பக்கம் போனது.

"ஒண்ணுதான் புரியல," என்றார். "'இருட்டிடுச்சுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத'ன்னீங்களே… யார்கிட்ட சிஸ்டர்?"